ஹொட், ஹொடொ, ஹோ, கோரோ: முண்டா மொழிகளும் அவற்றைப் பேசும் மனிதர்களும்

ராஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அடுத்தடுத்த வீட்டுப் பாட்டிகள் இருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, அவரவர் வீட்டு மொழியில் ஒன்று முதல் நான்குவரை எண்ணச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓராவோன் இனத்தவர்; பேசுவது குரூக் என்னும் திராவிட மொழி. “ஒண்டா, ஏண்ட், மூந்த், நாஃக்” என்பார். தமிழ்க் காதுக்கு விளக்கமே தேவைப்படாது. மற்றவர் முண்டா, பேசுவது முண்டாரி. “மியத், பாரியா, ஆபியா, உபுனியா” என்பார். இங்கே நம் காது கையை விரித்துவிடும்.

ஆனால் அந்த எண்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமல் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு என்பவை முண்டாரியின் நெருங்கிய உறவான சந்தாளியில் பார், பே, போன். கம்போடியாவின் கெமர் மொழியில் பீ, பெய், புவன். வியட்நாமியத்தில் மூன்று பா, நான்கு போன். எண்களை மட்டும் வைத்து உறவு பேசக்கூடாது. சந்தையில் எண்கள் கைமாறும். உடலுறுப்புகளைப் பார்க்கலாம். கண் முண்டாரியில் மெத், வியட்நாமியத்தில் மத். மூக்கு இங்கே மூ, அங்கே முய். கை இங்கே தீ, அங்கே தய். கண்ணையும் மூக்கையும் யாரும் அண்டை வீட்டாரிடம் கடன் வாங்குவதில்லை.

இந்தியா என்றால் இரண்டு மொழிக் குடும்பங்கள் என்று நாம் பழகிவிட்டோம்: வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. சற்று கூடுதலாகப் படித்தவர்கள் இமயமலைப் பக்கத்துத் திபெத்திய-பர்மிய மொழிகளையும் சேர்ப்பார்கள். நடுவில், ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அவற்றை ஒட்டிய காடுகளிலும் இருக்கிற ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம் கணக்கில் வருவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தக் குடும்பத்து மொழிகளைப் பேசுவோர் நாட்டு மக்களில் 1.11 விழுக்காடு. மேகாலயாவின் காசி மொழியையும் நிக்கோபார் மொழிகளையும் கழித்துவிட்டால் மிச்சம் முழுவதும் முண்டா மொழிகள்தான். விழுக்காடாகச் சொன்னால் சிறிதாகத் தெரியும். சந்தாளி பேசுவோர் மட்டும் 73.68 லட்சம் பேர். காஷ்மீரி பேசுவோரைவிட அதிகம்.

உடம்பு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம்

சொற்களைப் பார்த்தால் கம்போடியா. வாக்கியத்தைப் பார்த்தால் கதையே வேறு. கெமரிலும் வியட்நாமியத்திலும் வினை நடுவில் வரும். செயப்படுபொருள் கடைசியில் வரும். சொல்லுக்குப் பின்னால் ஒட்டு சேர்க்கும் வழக்கம் கிடையாது. முண்டா மொழிகளில் நம்மைப் போலவே வினை கடைசியில். விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும். ‘உன்னைப் பார்த்தேன்’ என்பதைச் சந்தாளியில் ஒரே சொல்லாகச் சொல்லலாம்: ஞெல்-கெத்-மெ-ஆ-ஞ். ஞெல் என்றால் பார், கெத் இறந்தகாலம், மெ ‘உன்னை’, ஆ வாக்கியம் முற்றுப்பெற்றதற்கான அடையாளம், ஞ் ‘நான்’. தமிழ் வினைமுற்றில் ‘ஏன்’ என்று எழுவாய் மட்டும் ஒட்டும். இங்கே செயப்படுபொருளும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது.

இந்த ஒட்டுநிலைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களைக் குழப்பியது. 1840களில் பிரையன் ஹாட்ஜ்சன், ஆரியமல்லாத இந்தியப் பழங்குடிகள் அனைவரையும் ‘தமூலியன்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினார். அதாவது சந்தாளும் முண்டாவும் போடோவும் நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்ற கணக்கு. 1854இல் மாக்ஸ் முல்லர் மூட்டையைப் பிரித்து, இவை திராவிட மொழிகள் அல்ல, தனி இனம் என்று சொல்லி ‘முண்டா’ என்ற பெயரை வைத்தார். கிழக்கே கெமர், மோன் மொழிகளோடு இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து ‘ஆஸ்திரோ-ஆசிய’ என்று அழைத்தவர் வில்ஹெல்ம் ஷ்மிட், 1906இல். வேடிக்கை என்னவென்றால், அதே 1906இல் வெளிவந்த இந்திய மொழியியல் அளவாய்வின் நான்காம் தொகுதியில் முண்டா மொழிகளையும் திராவிட மொழிகளையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தார்கள். தமிழும் சந்தாளியும் உள்ளே பக்கத்துப் பக்கத்து வீட்டார்.

அப்படியானால் சொற்கள் என்ற உடம்பு கிழக்கிலிருந்தும் வாக்கியம் என்ற எலும்பு இங்கிருந்தும் எப்படி வந்தன? மரபணு ஆய்வுகள் ஒரு விடையை நோக்கிக் கை காட்டுகின்றன. முண்டா மொழி பேசும் ஆண்களிடம் தந்தைவழியே வரும் ஒய்-குரோமோசோமில் தென்கிழக்கு ஆசியாவுக்குரிய ஒரு வகை மிகப் பரவலாக இருக்கிறது. தாய்வழியே வரும் மரபணுவோ ஏறக்குறைய முழுக்க இந்தியாவுக்கு உரியது. கிழக்கிலிருந்து வந்த கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள் இருந்தார்கள், இங்கிருந்த பெண்களை மணந்தார்கள் என்பதே பொருந்துகிற விளக்கம். பிள்ளைகள் அப்பனின் சொற்களை அம்மாவின் வாக்கியத்தில் அடுக்கிப் பேசியிருக்கலாம்; இது என் ஊகம், இதைவிட எளிதாக அந்தக் கலப்பைக் கற்பனை செய்ய எனக்குத் தெரியவில்லை. வந்த வழி நிலமா கடலா என்பதில் சண்டை ஓயவில்லை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மகாநதிக் கழிமுகத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்று பால் சிட்வெல் போன்ற மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். வரும்போது வெறுங்கையோடு வரவில்லை என்பதற்குச் சொல்லே சாட்சி: சோரா மொழியில் அரிசி ‘ருங்கு’, கெமரில் ‘அங்கா’.

இதைச் சொன்னவுடன் சிலர் “அப்போ அவர்களும் வந்தேறிகளா?” என்று கிளம்புவார்கள். தாய்வழியில் அவர்கள் இந்த மண்ணில் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். தவிர, நாலாயிரம் ஆண்டு என்பதைக் குடியேற்றக் கணக்கில் எழுதுகிறவர்களோடு பேசிப் பயனில்லை.

யார் வைத்த பெயர்?

‘முண்டா’ என்பது ஊர்த் தலைவனைக் குறிக்கும் சொல். வெளியார் அதை இனத்துக்கே பெயராக்கிவிட்டார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹொடொ. பொருள்: மனிதன். (நடுவில் வருவது தமிழில் ‘நாடு’ என்னும்போது நாக்கு மடிந்து தட்டும் அதே ட.) சந்தாள்கள் தங்களை ஹொட் என்கிறார்கள், தங்கள் மொழியை ஹொட் ரொட், மனிதப் பேச்சு. சிங்பூம் பகுதியில் அது இன்னும் தேய்ந்து ஹோ ஆகி, இனத்துக்கும் மொழிக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. இவர்களிடமிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே, மகாராஷ்டிரத்தின் மேள்காட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் சாத்புரா மலைகளிலும் தனித்துக் கிடக்கும் கோர்க்கு மக்களின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கோரோ என்றால் மனிதன், கு என்பது பன்மை. சந்தாளியில் ஹொட்-கோ. இடையில் எத்தனையோ இந்தி, மராத்தி, கோண்டி ஊர்கள். அதைத் தாண்டியும் ‘மனிதர்கள்’ என்ற சொல் விகுதியோடு சேர்ந்து பிழைத்திருக்கிறது.

ஹொட் அல்லாதவருக்கும் ஒரு சொல் உண்டு: திக்கு. வெறும் வெளியூர்க்காரன் என்று மட்டும் இதற்குப் பொருள் சொல்லமுடியாது. வட்டிக்குக் கொடுத்துவிட்டு நிலத்தை எழுதி வாங்குகிறவன், காட்டுக்குக் குத்தகை எடுத்து வருகிறவன், நீதிமன்ற மொழி தெரிந்தவன் எல்லோரும் அதற்குள் அடக்கம். 1855 ஜூன் 30 அன்று போக்னாடியில் சித்து, கான்ஹு முர்மு சகோதரர்கள் தொடங்கிய சந்தாள் ஹுல் என்னும் கிளர்ச்சி இந்தச் சொல்லுக்கு எதிரானதுதான். 1899–1900இல் பிர்சா முண்டா நடத்திய உல்குலான் என்னும் பெருங்கிளர்ச்சியும் அப்படியே. பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தபோது வயது 24. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், காட்டைத் திருத்தி ஊர் அமைத்த குலத்தாருக்கே அந்த நிலம் கூட்டாகச் சொந்தம் என்ற குந்த்கட்டி உரிமையை எழுத்தில் ஏற்றது. அதுவரை அவர்களிடம் பத்திரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது சசந்திரி: முன்னோர் எலும்புகளின் மேல் சாத்திவைத்த கற்பலகை.

நாமும் நாங்களும்

சந்தாளியையோ முண்டாரியையோ இந்தி வழியாகப் படிக்கிறவர்களுக்கு முதலில் இடறுவது ‘நாம்’. இந்தியில் எல்லாம் ஒரே ‘ஹம்’. தமிழருக்கு இந்தத் தொல்லை பாதிதான். நாம் வேறு, நாங்கள் வேறு என்பது நமக்குப் பால்குடியிலிருந்தே தெரியும். முண்டா மொழிகளில் அதற்கு மேல் இருமையும் உண்டு. அலாங் என்றால் நீயும் நானும். அலிங் என்றால் நானும் இன்னொருவரும், நீயில்லை. இரண்டுபேருக்கு மேல் போனால் கேட்பவரையும் சேர்த்து அபு, அவரை விட்டுவிட்டால் அலெ. இந்த இருமை கணக்குக்கு மட்டும் இல்லை. சந்தாள் குடும்பங்களில் மாமனார் மாமியாரும் மருமக்களும் ஒருவரை ஒருவர் இருமையில் விளிக்கும் வழக்கம் உண்டு. ஒற்றை ஆளாக நின்றாலும் கூடவே துணை இருப்பதாகப் பாவனை. நம்மூர் ‘நீங்க’வுக்கு இது எந்த விதத்திலும் குறைந்த மரியாதை அல்ல.

திணையும் உண்டு, எல்லைக்கோடு மட்டும் வேறிடத்தில் போகிறது. தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணையில் வைத்து, ஆட்டையும் மாட்டையும் கல்லோடு சேர்த்து அஃறிணையில் தள்ளியது. முண்டாரிக்காரர்கள் உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிக்கிறார்கள். ஆடு மாடு மனிதரோடு சேர்கிறது. சூரியன், சந்திரன், விண்மீன்களும் அந்தப் பக்கம்தான். சூரியன் சிங்கி, பெருந்தெய்வம் சிங்போங்கா. இலக்கணத்துக்கும் சமயத்துக்கும் நடுவே சுவர் இல்லை.

ஒலியில் தமிழருக்குக் கடினமானது சொல்லின் கடைசியில் வரும் அடைப்பொலி. தண்ணீருக்குச் சந்தாளியில் தாக். கடைசி ‘க்’கை வெடிக்க விடாமல் தொண்டையிலேயே கவ்விக்கொள்ள வேண்டும். நாம் எழுதினால் ‘தாக்’, படித்தால் ‘தாக்கு’. தேவநாகரிக்கும் ஒடியாவுக்கும் வங்க எழுத்துக்கும் இதே பிரச்சினை.

மதராஸ் மாகாணத்து மொழி ஒன்று

தெற்கு முண்டா மொழிகள் ஒடிசாவின் தென்கோடி மலைகளிலும் ஆந்திர எல்லையிலும் இருக்கின்றன: சோரா, கோரும், குதோப், ரேமோ, க்தா. இவற்றில் சோராவை நம் பழைய ஆவணங்கள் சவரா என்று எழுதின. 1936 ஏப்ரலில் ஒடிசா தனி மாகாணம் ஆகும்வரை சோராக்கள் வாழும் கஞ்சம் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. ஆகவே சென்னைக் கோட்டையிலிருந்து ஆளப்பட்ட மொழிகளில் ஒரு முண்டா மொழியும் சேர்த்தி. அதன் முதல் பெரிய இலக்கணக் கையேட்டை எழுதியவர் கிடுகு வேங்கட ராமமூர்த்தி. தெலுங்கில் பேச்சு நடையை எழுத்தில் ஏற்றப் போராடியவர் என்று ஆந்திரம் இவரைக் கொண்டாடுகிறது. பிறந்தநாளான ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள். பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்தபோது மலையிலிருந்து இறங்கிவரும் சோராக்களின் பேச்சைக் கற்று, கையேட்டை 1931இல் சென்னை அரசின் வெளியீடாகக் கொண்டுவந்தார். பண்டிதத் தெலுங்கை எதிர்த்தவருக்கு, எழுத்தே இல்லாத ஒரு பேச்சின் மேல் இவ்வளவு பற்று வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சோரா வினை ஒரு பெரிய கூடை. போ-புங்-குன்-த்-அம் என்ற ஒரு சொல்லில் குத்து, வயிறு, கத்தி, இனிமேல், உன்னை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன: ‘உன்னைக் கத்தியால் வயிற்றில் குத்துவார்கள்’. (இலக்கணக்காரர்களுக்கு மட்டும் ஏன் இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகளே அகப்படுகின்றன என்று தெரியவில்லை.) எண்ணுவதில் இன்னும் விநோதம். நாம் பத்தில் திரும்புகிறோம். சோராவில் பன்னிரண்டுவரை போய், பதின்மூன்றைப் பன்னிரண்டும் ஒன்றும் என்பார்கள். பிறகு இருபதில் ஒரு திருப்பம். முப்பத்து மூன்று என்பது இருபது, பன்னிரண்டு, ஒன்று.

எழுத்து என்னும் ஆசை

1925இல் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு, சந்தாளிக்கென்று ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். 30 எழுத்துகள். இந்திய எழுத்துகளில் மெய்யைச் சுற்றிக் கொம்பும் காலும் போட்டு உயிரைக் காட்டுகிறோம். ஓல் சிக்கியில் உயிருக்கும் தனி எழுத்து, மெய்க்கும் தனி எழுத்து, வரிசையாக. சொல்லிறுதி அடைப்பொலிக்கும் இடம் வைத்தார். எழுத்துகளின் பெயர்கள் சந்தாளிச் சொற்கள். ‘ஒத்’ என்ற எழுத்து வட்டமாக இருக்கும், ஒத் என்றால் பூமி. அவர் எழுத்தோடு நிறுத்தவில்லை. நாடகமும் பாட நூலும் எழுதி, ஊர் ஊராக நடந்து கற்பித்தார். சோராவுக்கு 1936இல் மங்கெய் கொமாங்கோ சோராங் சொம்பெங் எழுத்தைத் தந்தார். ஹோ மொழிக்கு லாகோ போத்ரா வாராங் சித்தி எழுத்தை உருவாக்கினார். முண்டாரிக்கும் ஒன்று உண்டு. இந்த நான்கும் இன்று யூனிகோடில் இருக்கின்றன; ஓல் சிக்கி 2008இலேயே ஏறிவிட்டது.

மொழியியலாளர்கள் சிலர் இந்த எழுத்து வெள்ளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. அருகருகே இருக்கும் மொழிகளுக்குத் தனித்தனி எழுத்து வைத்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படிப் படிப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயம்தான். சந்தாளியையே எடுத்துக்கொண்டால் ஜார்க்கண்டில் தேவநாகரி, வங்காளத்தில் வங்க எழுத்து, ஒடிசாவில் ஒடியா, கிறித்தவச் சந்தாள்களிடம் நார்வே மிஷனரி போடிங் செம்மைப்படுத்திய ரோமன் என்று ஏற்கெனவே நாலாகக் கிழிந்து கிடந்தது. ஆனால் அந்தக் கிழிசலுக்குக் காரணம் ஓல் சிக்கி அல்ல. ஒரே மக்களைப் பல மாநிலங்களாக அறுத்ததுதான். அந்த அறுவையின் மேல் போட்ட தையலாகவே நான் ஓல் சிக்கியைப் பார்க்கிறேன்.

பழங்குடி மொழிகளுக்கும் அரசியலமைப்பில் இடம் வேண்டும் என்ற வாதத்தை அரசியல் நிர்ணய சபையில் எடுத்தவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். அரசியலமைப்பு ஏற்கும் மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணை விவாதத்துக்கு வந்த 1949 செப்டம்பரில், முண்டாரி, கோண்டி, ஓராவோன் ஆகிய மூன்றையும் அதில் சேர்க்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். சபை சேர்க்கவில்லை. அவர் கேட்ட மூன்றில் இரண்டு திராவிட மொழிகள் என்பதைத் தமிழர் கவனிக்கலாம். மொழிக் குடும்பம் பார்த்து அவர் கேட்கவில்லை, காட்டில் யார் யார் கூட இருந்தார்கள் என்று பார்த்துக் கேட்டார். முண்டா குடும்பத்துக்கு அட்டவணைக் கதவு 2003இல்தான் திறந்தது: அரசியலமைப்பின் 92ஆவது திருத்தம் போடோ, டோக்ரி, மைதிலியோடு சந்தாளியையும் சேர்த்தது. முண்டாரியும் ஹோவும் இன்னும் வெளியே.

கணக்கெடுப்புப் படிவம்

ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓராவோன்களில் ஒரு பிரிவினர் தலைமுறைகளாக முண்டாரியைத் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். அந்த வட்டார வழக்குக்குக் கேரா என்று பெயர். ஒடிசாவின் கோராபுட்டில் கதபா என்று அழைக்கப்படும் சமூகத்தில் ஒரு பகுதியார் பேசும் குதோப் முண்டா மொழி. மற்றொரு பகுதியார் பேசும் ஒல்லாரி திராவிட மொழி. இனமும் மொழியும் ஒரே கோட்டில் போகும் என்று நினைத்துப் படிவம் அடித்தவர்களுக்கு இங்கே வழி தெரியாது.

2011 கணக்கெடுப்பில் ‘முண்டாரி’ பேசுவோர் 11.28 லட்சம். ‘முண்டா’ என்று ஒரு தனி மொழி. அதைப் பேசுவோர் 5.06 லட்சம். முண்டாக்களின் மொழி முண்டாரி என்பது ஊரறிந்த செய்தி. கேள்வி கேட்டவர் எந்தச் சொல்லைக் காதில் வாங்கினாரோ அது எண்ணாகிவிட்டது. எட்டாவது அட்டவணைக்கு விண்ணப்பிக்கும்போது தலைகளை எண்ணித்தானே பேசுகிறார்கள். இந்தப் பிழையின் விலை சின்னதல்ல. பூமிஜ் இனத்தவர் எட்டு லட்சத்துக்கும் மேல்; பூமிஜ் மொழி பேசுவதாகப் பதிவானவர்கள் 27,506. மற்றவர்களில் பலர் வங்காளிக்கும் ஒடியாவுக்கும் போய்விட்டார்கள். காரியா என்ற முண்டா மொழியைப் பேசும் காரியாக்கள் பலர் சதானி என்னும் ஆரிய மொழிக்கு நகர்கிறார்கள். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மொழிகளுக்கென்று துறை வளர்த்தெடுத்த ராம் தயாள் முண்டா, “சென் கீ சுசுன், கஜி கீ துரங்” என்ற முண்டாரிப் பழமொழியை மேடைதோறும் சொல்வார்: நடையே ஆட்டம், பேச்சே பாட்டு. 2011இல் அவர் மறைந்த அதே ஆண்டில்தான் ஜார்க்கண்ட் அரசு சந்தாளி, முண்டாரி, ஹோ, காரியா, குரூக் முதலியவற்றை இரண்டாம் ஆட்சிமொழிகள் என்று அறிவித்தது. அறிவிப்புக்கும் தாலுகா அலுவலகத்து மேசைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரிந்ததுதான்.

கணக்கெடுப்புக்கு இன்னொரு விதி உண்டு. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயர் பட்டியலில் வராது. ‘பிற’ என்ற வரிக்குள் போய்விடும். பீர்ஹோர் அங்கே இருக்கிறது. இரும்பு உருக்கி வாழ்ந்த அசுர்களின் மொழி அங்கே இருக்கிறது. மல்காங்கிரி மலையில் போண்டா என்று ஊரார் அழைக்கும் பன்னிரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு சமூகத்தின் மொழியும் அங்கேதான். அவர்கள் தங்களைப் போண்டா என்று சொல்லிக்கொள்வதில்லை, ரேமோ என்கிறார்கள். அதற்கும் பொருள் மனிதன்.